மடை திருப்பும் கம்பி

எங்கள் அப்பாவின் உள்ளங்கைகளில், விரல்கள் தொடங்கும் இடத்தில், வரிசையாகக் காய்ப்பு இருக்கும். மண்வெட்டி பிடிக்கிறவர்களுக்கும் அங்கேதான் காய்க்கும். அப்பாவுக்குக் கூடுதலாக இரண்டு கட்டைவிரல்களின் உள்பக்கத்திலும் காய்த்திருந்தது. அது ஸ்டேரிங் பிடித்து வந்தது. எனக்கு விவரம் தெரிந்த நாளிலிருந்து அவர் டாடா 1210 ஓட்டிக்கொண்டிருந்தார். சங்ககிரியில் ஒரு முதலாளியின் வண்டி. வீட்டில் சாப்பிட உட்கார்ந்து சோற்றைப் பிசையும்போது அந்தக் காய்ப்பு எவர்சில்வர் தட்டில் உரசுவது எனக்குக் கேட்கும்.

எடப்பாடியில் எங்கள் வீடு இருந்தது தறி ஓடும் தெருவில். அம்மா தறிக்குப் போவார். இரவும் பகலும் ஓடும் அத்தனை சத்தத்துக்கு நடுவில், எந்தத் தறியில் நாடா சரியாக வந்து சேரவில்லை என்று வீட்டுக்குள் இருந்தபடியே சொல்லிவிடுவார். இயந்திரத்தைக் காதால் பார்க்கும் பழக்கம் எனக்கு அம்மாவிடமிருந்து வந்தது. கையால் பார்ப்பது அப்பாவிடமிருந்து. பிற்பாடு லாரி ஸ்டேரிங் வேலையே என் தொழிலாகி இருபது வருசத்துக்கு மேல் ஓடிவிட்டது. அதற்கு நான் போட்ட முதல் இந்த இரண்டும்தான்.

பள்ளிக்கூடம் லீவு விட்டால் அப்பாவுக்கு நான்தான் கிளீனர். ஜவ்வரிசி ஆலைகளில் மூட்டை ஏற்றிக்கொண்டு திரும்பும்போதுதான் கஷ்டம். ஆலை வாசல் குறுகலாக இருக்கும், காயப்போட்ட களம் ஒரு பக்கம், தண்ணீர்த் தொட்டி ஒரு பக்கம். லோடு ஏறிய வண்டியை முன்னும் பின்னும் எடுத்து ஒடித்து ஒடித்துத்தான் வெளியே கொண்டுவர வேண்டும். நான் கீழே நின்று, "ரைட்ல ஒடிங்கப்பா, இன்னும் ஒடிங்க, நேரா விடுங்க" என்று கத்துவேன். ஓடுகிற வண்டியின் சக்கரம் உருண்டுகொண்டே திரும்பிவிடும். நிற்கிற வண்டியின் சக்கரம் தரையைத் தேய்த்துக்கொண்டுதான் திரும்ப வேண்டும். முன் அச்சின் மேல் பல டன் எடை உட்கார்ந்திருக்கும். அப்பா சீட்டிலிருந்து எழும்பி, ஸ்டேரிங்கின் மேல்விளிம்பைப் பிடித்து, உடம்பு முழுவதையும் அதில் தொங்கவிடுவார். கழுத்து நரம்பு புடைக்கும். கீழே டயர் நாலு விரல்கடை நகரும். மறுபடியும் எழும்புவார்.

அந்தப் பழைய ஸ்டேரிங் பெட்டிக்குள் இருந்தது மறையும் பல்லும் மட்டும்தான். நிறையச் சுற்றினால் கொஞ்சம் திரும்பும். சுற்று கூடக் கூடக் கனம் குறையும். அதனால்தான் ஸ்டேரிங் சக்கரத்தை அவ்வளவு பெரிதாகச் செய்தார்கள், அவ்வளவு சுற்று வைத்தார்கள். மனுசனுக்கு அதற்கு மேல் அது உதவி செய்யாது. மிச்சமெல்லாம் டிரைவரின் தோள்தான். அப்பாவின் வலது தோள் இடது தோளைவிடத் தாழ்ந்திருந்தது. சட்டை தைக்கும்போது டெய்லர் கேட்காமலே அதற்குத் தகுந்தபடி வெட்டுவார். எங்கள் பக்கத்தில் சங்ககிரி, திருச்செங்கோடு, நாமக்கல் என்று எங்கே போனாலும் அந்தத் தோள் உள்ளவர்கள் டீக்கடை பெஞ்சில் நாலு பேராவது உட்கார்ந்திருப்பார்கள்.

1997-இல் முதலாளி புதுச் சேசிஸ் எடுத்தார். நாமக்கல்லில் பாடி கட்டி முடித்து, பச்சையும் மஞ்சளும் அடித்து, வண்டி எங்கள் கைக்கு வந்தது. பவர் ஸ்டேரிங் வண்டி. அப்பா அதற்கு முன் அப்படிப்பட்ட வண்டியைத் தொட்டதில்லை. பட்டறை வாசலில் இன்ஜினை ஸ்டார்ட் செய்துவிட்டு, நின்ற இடத்திலேயே, வழக்கம்போல எழும்பி ஸ்டேரிங்கை இழுத்தார். அது ஒரே வீச்சில் போய்விட்டது. அவர் தடுமாறி ஜன்னல் பக்கம் சாய்ந்தார். பிறகு உட்கார்ந்து, இரண்டு விரலால் திருப்பிப் பார்த்தார். நான் கீழே நின்று டயரைப் பார்த்துக்கொண்டிருந்தேன். பத்து டன் லோடு ஏற்றினாலும் இப்படியேதான் திரும்புமாம் என்று பட்டறைக்காரர் சொன்னார். அப்பா இறங்கி வந்து முன் சக்கரத்தைக் கையால் தடவினார். அவர் முகத்தில் சந்தோசம் இல்லை.

"அப்ப வண்டிய யாரு கண்ணு திருப்பறது?" என்றார் என்னிடம்.

எனக்குப் பதில் தெரியவில்லை. அந்தக் கேள்வி என்னை விடவும் இல்லை.

தமிழ்நாட்டுக்கு அது புதிதாக வந்த சாமானும் இல்லை. சென்னை எண்ணூரில் அசோக் லேலண்ட் 1969-லேயே பவர் ஸ்டேரிங் வைத்த கனரக வண்டியை இந்தியாவில் முதன்முதலாகக் கொண்டுவந்துவிட்டது. 1987-இல் ரானே நிறுவனம் அமெரிக்காவின் டி.ஆர்.டபிள்யூவோடு சேர்ந்து இதற்கென்றே தனிக் கம்பெனி தொடங்கியது. திருச்சிக்குத் தெற்கே விராலிமலையில் ஸ்டேரிங் பெட்டிகள் செய்தார்கள். மயிலுக்கும் முருகனுக்கும் பேர்போன ஊரில் செய்த பெட்டிகள் நாடெங்கும் லாரிகளுக்கு அடியில் மாட்டியிருந்தன. ஆனாலும் முதலாளிகள் ஐந்து காசு பார்த்துத்தான் வண்டி எடுப்பார்கள். டிரைவரின் தோளுக்கு எந்தக் கணக்குப் புத்தகத்திலும் வரி கிடையாது. அதனால் அப்பாவின் கைக்கு வந்துசேர 28 வருசம் ஆயிற்று.

1999 ஜனவரிக் கடைசி. தாவணகெரேயிலிருந்து நாமக்கல் கோழிப் பண்ணைகளுக்கு மக்காச்சோளம் ஏற்றிக்கொண்டு வந்துகொண்டிருந்தோம். பிளஸ் டூ முடித்திருந்த நான் அந்த வருசம் முழுக்க வண்டியில்தான் இருந்தேன். தர்மபுரியைத் தாண்டினால் தொப்பூர்க் கணவாய். சேலம் நோக்கி வருகிறவர்களுக்கு அது இறக்கம். அப்போது இருவழிச் சாலைதான். இரவு இரண்டு மணி இருக்கும். அப்பா மூன்றாவது கியரில் இன்ஜினைப் பிடித்தபடி இறக்கிக்கொண்டிருந்தார். அவர் ஒருநாளும் இறக்கத்தில் நியூட்ரல் போட்டவரில்லை.

ஒரு வளைவுக்கு முன்னால் காலடியிலிருந்து வீச்சென்று ஒரு சத்தம். பம்பு அழுவது போல, தொண்டை கட்டின மாட்டுக் குரல் போல ஒன்று. சூடான எண்ணெய் வாடை கேபினுக்குள் ஏறியது. நான் அதை மூக்கால் உணர்ந்து நிமிர்வதற்குள் அப்பா, "புடி" என்றார். ஒரே வார்த்தை. ஸ்டேரிங் இறுகிவிட்டிருந்தது. நான் குறுக்கே சாய்ந்து கீழ்விளிம்பைப் பிடித்துத் தள்ள, அவர் மேலிருந்து இழுக்க, வண்டி மனசில்லாத எருமை மாதிரி மெதுவாகத் தலையைத் திருப்பியது. பிரேக் இருந்தது. காற்று இருந்தது. வளைவைத் தாண்டி மலையோரத்து மண்ணில் ஏற்றி நிறுத்திவிட்டார்.

டார்ச் அடித்துப் பார்த்தேன். பம்பிலிருந்து ஸ்டேரிங் பெட்டிக்குப் போகும் ஓஸ் ஒரு இடத்தில் விரல் நீளத்துக்குக் கிழிந்திருந்தது. சேசிஸ் மேலெல்லாம் சிவப்பு எண்ணெய். எப்போதோ நடந்த ஒரு வேலையில் அந்த ஓஸைப் பிடித்திருக்க வேண்டிய கிளிப் ஒன்று விட்டுப்போயிருந்தது. அது இரும்பில் உரசி உரசித் தேய்ந்ததை நானும் கவனிக்கவில்லை, அவரும் கவனிக்கவில்லை. அப்பாவின் கை நடுங்கி நான் பார்த்தது அந்த இரவில்தான். அவர் மண்ணில் உட்கார்ந்து பீடி பற்ற வைத்துவிட்டுச் சொன்னார்: "பழைய வண்டி ஓடயில இவ்வளவு கனம் இருக்காதே கண்ணு. இது ஏன் இப்படிக் கல்லாப் போச்சு?"

இது இரண்டாவது கேள்வி.

விடிந்து ஓஸ் வாங்கி மாட்டி எப்படியோ ஊர் வந்து சேர்ந்தோம். வந்த பிறகு பெட்டியின் அடியில் கசிவு. சீல் போயிருந்தது. சங்ககிரி ரோட்டில் ஒரு பட்டறையில் வண்டியை விட்டோம். தைப்பூச சமயம். எடப்பாடியிலிருந்து காவடிகள் பழநிக்குக் கிளம்பும் நேரம். மலைமேலேயே டன் கணக்கில் பஞ்சாமிர்தம் பிசைந்து, அங்கேயே இரவு தங்கும் உரிமை எங்கள் ஊர்க் காவடிக் கூட்டத்துக்கு உண்டு. ஊரில் பாதிப்பேர் அந்த வாரம் இருக்க மாட்டார்கள். பட்டறையில் பையன்கள் யாரும் இல்லை, வேறு வண்டியும் இல்லை. மேஸ்திரி ஒருவர்தான். அதனால்தான் எனக்கு அந்த ஒரு பகல் கிடைத்தது.

பெட்டியைக் கழற்றி, தரையில் விரித்த தகரத்தின்மேல் வைத்தார். நான் கை துடைக்கப் பக்கத்தில் கிடந்த நூல் கழிவை அள்ளினேன். எங்கள் ஊரில் அதற்குப் பஞ்சமே கிடையாது, தறிக்குடோன் வாசலில் மூட்டை மூட்டையாகக் கிடைக்கும். மேஸ்திரி என் கையைத் தட்டிவிட்டார்.

"அத இங்க கொண்டாராத. ஒத்த நூலு உள்ள போனா வால்வு புடிச்சுக்கும். கைய நல்லாக் கழுவிட்டு வெறுங்கையோட வா."

ஒவ்வொரு பாகத்தையும் மண்ணெண்ணெயில் கழுவி, துணி படாமல் கம்ப்ரஷர் காற்றால் ஊதி, வரிசையாக அடுக்கினார். கோவில் மடப்பள்ளியில் பாத்திரம் அடுக்குவது போல இருந்தது. உள்ளே முதலில் என் கண்ணில் பட்டது ஒரு பெரிய உருளைப் பிஸ்டன். ஒரு பக்கத்தில் பல் வெட்டியிருந்தது. அந்தப் பல் இன்னொரு குறுக்குத் தண்டின் பல்லோடு சேரும். அந்தத் தண்டின் வெளிமுனையில்தான் டிராப் ஆர்ம். அதிலிருந்து டிராக் லிங்க், அதிலிருந்து சக்கரம். பிஸ்டனுக்கு நடுவே ஓட்டை. ஓட்டைக்குள் மறைத் தண்டு. மறைக்கும் பிஸ்டனுக்கும் நடுவில் வரிசையாகக் குண்டுகள் உருண்டு ஓடுகின்றன. ஸ்டேரிங் சுற்றினால் மறை சுற்றும், பிஸ்டன் நகரும், குறுக்குத் தண்டு திரும்பும். எண்ணெயே இல்லாவிட்டாலும் இது நடக்கும்.

"இரும்பு இரும்பப் புடிச்சுத்தான் இருக்குது. அறுந்து போகல. அதனாலதான் நீங்க உசுரோட வந்தீங்க" என்றார் மேஸ்திரி.

பிறகு மறைத் தண்டைப் பித்தளைத் தகடு வைத்து வைஸில் இறுக்கினார். அதன் மேல்முனையில் ஸ்டேரிங் ராடு வந்து சேரும் தண்டு. "இதத் திருப்பு" என்றார். கீழ்ப்பக்கம் வைஸில் இறுகியிருக்கிறது, திரும்பாதே என்று நினைத்துக்கொண்டே திருப்பினேன். மயிரிழை திரும்பியது. கையை விட்டதும் துள்ளித் தன் இடத்துக்கே வந்துவிட்டது. மறுபடி இந்தப் பக்கம். மறுபடி மயிரிழை. மறுபடி துள்ளி நடுவுக்கு வந்தது.

"திரும்புச்சா?"

"கொஞ்சமாத் திரும்புச்சுங்ணா."

"அந்தக் கொஞ்சந்தான் கண்ணு பவர் ஸ்டேரிங்கு."

தண்டு குழாய் மாதிரி உள்ளே பொள்ளலாக இருந்தது. அந்தப் பொள்ளலுக்குள் சுண்டுவிரல் தடிமனில் ஒரு கம்பி. ஒரு முனை மேல் தண்டோடு ஊசி வைத்து அடித்திருக்கிறது, மறுமுனை கீழே மறையோடு. டார்ஷன் பார் என்று அதற்குப் பெயர். முறுக்குக் கம்பி என்றால் சரியாக இருக்கும். டிரைவர் ஸ்டேரிங்கைத் திருப்புகிறார். கீழே சக்கரம் தரையைப் பிடித்துக்கொண்டு வர மறுக்கிறது. நடுவில் மாட்டிக்கொண்ட கம்பி முறுகுகிறது. சில டிகிரிதான். அதற்கு மேல் முறுக விடாமல் தடுப்பு இருக்கிறது. மேல் தண்டின் வெளிப்பரப்பில் நீளவாக்கில் வெட்டிய வாய்க்கால்கள். அதைச் சுற்றி மறையோடு சேர்ந்த உறை. உறையின் உள்பரப்பிலும் வாய்க்கால்கள். கம்பி முறுகாதபோது இரண்டும் ஒன்றுக்கொன்று நேராக, எல்லா வழியும் பாதி திறந்து கிடக்கும். கம்பி முறுகினால் தண்டு உறையைவிட ஒரு மயிரிழை முந்திப்போகிறது. ஒரு பக்க வழி அகலத் திறக்கிறது, மறுபக்க வழி மூடுகிறது.

மேஸ்திரி என்னைப் பார்த்தார். எனக்கு ஏறவில்லை என்று முகத்திலேயே தெரிந்திருக்கும்.

"தண்ணி கட்டிருக்கியா நீ?"

"கட்டிருக்கேனுங். பூலாம்பட்டிப் பக்கம் மாமன் தோட்டத்துல."

"மேட்டூர்த் தண்ணிய நீயா தள்ளிக்கிட்டுப் போயி பாத்தில உடறே?"

"இல்லீங். இந்தப் பக்கம் மடைய அடைச்சு அந்தப் பக்கம் வெட்டி உட்டா அதுவே போவுது."

"உனக்கு எவ்வளவு பலம் வேணும் அதுக்கு?"

ஒரு மண்வெட்டி மண். அவ்வளவுதான் வேண்டும். அது தண்ணீரை ஒரு அடிகூடத் தள்ளுவதில்லை, எந்தப் பக்கம் போக வேண்டும் என்று மட்டும் சொல்கிறது. நான் தகரத்தின்மேல் கிடந்த அந்தக் கம்பியைப் பார்த்துக்கொண்டே இருந்தேன். அப்பாவின் இரண்டு விரல் தள்ளுவது அதைத்தான். அது மடையைத் திருப்புகிறது. இன்ஜின் சுற்றும் பம்பு எண்ணெயை ஓயாமல் தள்ளிக்கொண்டே இருக்கிறது. நேராக ஓடும்போது அந்த எண்ணெய் இரண்டு பக்க மடையிலும் நுழைந்து, ஒன்றும் செய்யாமல் வடிகால் வழியே டேங்குக்குத் திரும்பிவிடுகிறது. ஒரு மடை அடைபட்டதும் அதற்குப் போக்கிடம் இல்லை. பிஸ்டனின் ஒரு பக்கத்தில் போய் முட்டுகிறது. அப்போதுதான் அழுத்தம் ஏறுகிறது.

இந்த இடம் எனக்கு இன்றைக்கும் பிடித்தது. இப்படி ஒன்றை முதலில் யோசித்தவர் ஃபிரான்சிஸ் டேவிஸ் என்று வெகுநாள் கழித்துப் படித்தேன். அமெரிக்காவில் பியர்ஸ் ஆரோ கம்பெனியில் லாரிப் பிரிவின் தலைமைப் பொறியாளராக இருந்தவர். லாரி டிரைவர்கள் படும் பாட்டைப் பக்கத்தில் இருந்து பார்த்தவர். வேலையை விட்டுவிட்டுச் சொந்தமாகப் பட்டறை போட்டு, 1926-இல் தன் காரில் மாட்டி டெட்ராய்ட்டுக்கு ஓட்டிக்கொண்டு போய்க் காட்டினார். அழுத்தத்தை எந்நேரமும் அடைத்து வைத்திருந்து, வேண்டும்போது திறந்துவிடும் வகையில் செய்தால் எல்லா இணைப்பும் ஒழுகியது. அவர் அதைத் தலைகீழாகப் போட்டார். எண்ணெய் எந்நேரமும் ஓடட்டும், வழி திறந்தே இருக்கட்டும், கை திருப்பும் கணத்தில் மட்டும் அழுத்தம் பிறக்கட்டும். செலவு அதிகம் என்று கார்க் கம்பெனிகள் இருபத்தைந்து வருசம் தள்ளிப்போட்டன. போர் வண்டிகளுக்குப் போனது. 1951-இல்தான் கிறைஸ்லர் இம்பீரியல் காரில் கடைக்கு வந்தது. டேவிஸ் வாய்க்கால் வரப்பில் நின்றிருக்க மாட்டார். ஆனால் எங்கள் தோட்டத்தில் தண்ணி கட்டுகிற எவருக்கும் அவர் சொன்னது ஒரு நொடியில் விளங்கும்.

மடையோடு ஒப்பிடுவது ஒரு இடத்தில் நின்றுவிடுகிறது, அதையும் சொல்ல வேண்டும். மடையைத் திருப்பிவிட்டு வரப்பில் தூங்கிவிட்டால் பாத்தி நிரம்பி உடைந்து அடுத்த வயலுக்குப் போய்விடும். ஸ்டேரிங் பெட்டிக்குள் அப்படி ஆகாது. பிஸ்டன் நகர்ந்தால் அதோடு சேர்ந்த மறையும் சுற்றுகிறது. மறையோடு உறையும் சுற்றி, முந்திப்போன தண்டை எட்டிப் பிடிக்கிறது. கம்பியின் முறுக்கு விடுகிறது, மடை தானாக நடுவுக்கு வருகிறது. கை திருப்பிக்கொண்டே இருந்தால்தான் அது பின்னாலேயே வந்துகொண்டிருக்கும். கை நின்றால் நின்றுவிடும். நாய்க்குட்டி ஒன்று அடி தவறாமல் கூடவே வருவது போல.

"உங்கப்பன் கேட்டான்ல, யாரு திருப்பறதுன்னு" என்றார் மேஸ்திரி. அப்பா அவரிடமும் கேட்டிருக்கிறார் என்று அப்போதுதான் தெரிந்தது. "அவந்தான் திருப்பறான். அவன் திருப்பலீன்னா எண்ணெய்க்கு எந்தப் பக்கம் போறதுன்னே தெரியாது."

பலத்தின் கணக்கையும் அவரே தகரத்தில் சாக்பீஸால் போட்டுக் காட்டினார். நம் லாரி டயருக்கு 100 பவுண்டு காற்று அடிக்கிறோம். இந்த ஓஸுக்குள் முழு வேலை நடக்கும்போது 1,400 பவுண்டுக்கு மேல் போகும். சதுர சென்டிமீட்டருக்குச் சுமார் 100 கிலோ என்று வைத்துக்கொள். பிஸ்டன் குறுக்களவு 9 சென்டிமீட்டர் என்றால் அதன் பரப்பு 63 சதுர சென்டிமீட்டர். 63-ஐ 100-ஆல் பெருக்கு. 6 டன்னுக்கு மேல் வருகிறது. என் இரண்டு கைக்குள் அடங்கும் அந்த உருளையை 6 டன் தள்ளுகிறது. அதைத் திறந்துவிடுவது சுண்டுவிரல் தடிமன் கம்பி.

தொப்பூரில் அப்பா கேட்ட இரண்டாவது கேள்விக்கும் பதில் அங்கேயே கிடைத்தது. பழைய பெட்டியில் மனுசனுக்காகச் சுற்றை அதிகமாக வைத்தார்கள். பவர் ஸ்டேரிங் பெட்டியில் எண்ணெய் இருக்கிறதே என்று சுற்றைக் குறைத்தார்கள், ஸ்டேரிங் சக்கரத்தையும் சிறிதாக்கினார்கள். எண்ணெய் போய்விட்டால், குறைந்த சுற்றில், சின்னச் சக்கரத்தில், முழுக் கனத்தையும் கையே தாங்க வேண்டும். பழைய வண்டியைவிட அது கனமாகத்தான் இருக்கும். திரும்பும், ஆனால் கல்லாக.

இதைத் தெரிந்துகொண்ட பிறகு எனக்கு ஒரு விஷயத்தில் பொறுமை இல்லாமல் போய்விட்டது. இறக்கத்தில் டீசல் மிச்சம் என்று நியூட்ரல் போட்டு, சிலர் இன்ஜினையே ஆஃப் செய்துவிட்டு இறங்குகிறார்கள். தொப்பூரில் இன்றைக்கும் அதனால் சாகிறார்கள். அந்தச் சாலை இப்போது 44-ஆம் எண் நெடுஞ்சாலை, அகலமாகிவிட்டது, எச்சரிக்கைப் பலகைகள் இருக்கின்றன. ஆனாலும் இரட்டைப் பாலத்துப் பக்கம் மாதத்துக்கு ஒருமுறையாவது என் காதுக்கு ஒரு சேதி வரும். இன்ஜின் நின்றால் பம்பு நிற்கும், பம்பு நின்றால் வாய்க்காலில் தண்ணீர் இல்லை. மடையைத் திருப்பி என்ன பிரயோசனம்? பிரேக்குக்குக் காற்று ஏற்றும் கம்ப்ரஷரும் அதே இன்ஜினில்தான் ஓடுகிறது. நியூட்ரலில் விட்டாலோ, வண்டியைப் பிடித்து இறக்கும் இன்ஜினின் பிடி போய்விடும். முழு எடையும் பிரேக்கின் தலையில் விழுந்து லைனிங் தீய்ந்துபோகும். மிச்சமாகும் டீசல் நாலு டீக்குக்கூட வராது. என் பட்டறைக்கு வரும் ஒவ்வொரு டிரைவர் தம்பியிடமும் இதைச் சொல்கிறேன். சிலர் முகம் சுளிப்பார்கள். சுளிக்கட்டும்.

இன்னும் ஒன்றும் சொல்வேன். ஸ்டேரிங்கைக் கடைசிவரை ஒடித்து அப்படியே அழுத்திப் பிடித்துக்கொண்டு நிற்காதீர்கள். அப்போது ஸ்ஸ்ஸென்று ஒரு சத்தம் வருமே, அது போக்கிடமில்லாத எண்ணெய் ரிலீஃப் வால்வைத் தள்ளித் திறந்துகொண்டு ஓடும் சத்தம். சில நொடிக்கு மேல் பிடித்தால் எண்ணெய் கொதித்துவிடும், சீல் வெந்துவிடும். கடைசியைத் தொட்டதும் ஒரு விரல்கடை தளர்த்திவிட்டால் போதும். தறிச் சத்தத்தில் வித்தியாசம் கண்ட அம்மாவின் காது எனக்கு இங்கேதான் உதவுகிறது. ரோட்டில் போகிற வண்டியின் பம்பு முனகுவதை வைத்தே அதில் எண்ணெய் குறைவா, காற்று புகுந்திருக்கிறதா என்று என்னால் சொல்ல முடியும்.

கார்களில் இப்போது எண்ணெயும் ஓஸும் போய், சின்ன மின்சார மோட்டார் வந்துவிட்டது. அதிலும் டிரைவரின் முறுக்கை அளக்கத் தண்டுக்கு நடுவில் ஒரு முறுக்குக் கம்பியைத்தான் வைத்திருக்கிறார்கள் என்று பார்த்தபோது பழைய சிநேகிதனைக் கண்டது போல இருந்தது. கனரக வண்டிகளில் பெரும்பாலும் எண்ணெய்தான். 2018-இல் முன் அச்சுக்கு அனுமதித்த எடையை 6 டன்னிலிருந்து 7 டன்னாக உயர்த்தினார்கள். அந்த ஒரு டன்னை எந்தத் தோளும் தாங்க வேண்டியிருக்கவில்லை.

அப்பாவின் கட்டைவிரல் காய்ப்பு, புது வண்டி வந்து மூன்று நாலு வருசத்தில் கரைந்துபோனது. சாப்பிடும்போது தட்டில் உரசும் சத்தம் என்றைக்கு நின்றது என்று யாரும் கவனிக்கவில்லை. தோள் மட்டும் கடைசிவரை அப்படியேதான் இருந்தது.

அன்றைக்குப் பட்டறையில் பெட்டியைத் திரும்பக் கோத்து மாட்டி முடிக்கப் பொழுது சாய்ந்துவிட்டது. அப்பா வந்திருந்தார். முன் அச்சை ஜாக்கி போட்டுத் தூக்கி, சக்கரங்கள் தரையில் படாமல் நிறுத்தினோம். புது எண்ணெய் ஊற்றினார் மேஸ்திரி. குழாய்க்குள் காற்று இருந்தால் அது எண்ணெய் மாதிரி முட்டாது, அமுங்கிக் கொடுத்துவிடும். அதனால் காற்று முழுவதும் வெளியே வரும்வரை ஸ்டேரிங்கை இந்த ஓரத்துக்கும் அந்த ஓரத்துக்கும் மெதுவாகத் திருப்ப வேண்டும். அப்பா மேலே ஏறி இன்ஜினை ஸ்டார்ட் செய்தார். என்னை டேங்கு மூடியைத் திறந்து பார்க்கச் சொன்னார்கள். உள்ளே சிவப்பு எண்ணெய் பால் பொங்குவது போல நுரைத்துக்கொண்டிருந்தது. நான் அதற்குள்ளேயே பார்த்துக்கொண்டு நின்றேன். அளவு இறங்க இறங்க மேஸ்திரி ஊற்றினார். அப்பா இடது ஓரம் வரை போய், கடைசியைத் தொட்டதும் தளர்த்தி, வலது ஓரத்துக்கு வந்தார். இரண்டு விரலால்தான் திருப்பினார்.

"குமிழி நின்னுச்சா கண்ணு?"

"இன்னும் வருதுங்கப்பா."

மறுபடி இடது. மறுபடி வலது. பட்டறைக்கு வெளியே கடைசிக் காவடிக் கூட்டம் ஒன்று மேளத்தோடு போய்க்கொண்டிருந்தது. நுரை ஓரமாக ஒதுங்கியது, மெலிந்தது, ஒரு குமிழி மட்டும் நடுவில் சுற்றிக்கொண்டிருந்து உடைந்தது. எண்ணெய் கண்ணாடி மாதிரி தெளிந்து, அதில் என் முகம் தெரிந்தது.

"நின்னுருச்சுங்கப்பா" என்றேன்.

அவர் இன்ஜினை நிறுத்தாமல் இன்னொரு தடவை, யாரும் சொல்லாமலே, கடைசிவரை மெதுவாக ஒடித்துத் திருப்பிக்கொண்டு வந்தார்.